கீற்றோனை அற்கேனாக்குவது: மலையக உயர்தர மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டனில் சனி, ஞாயிறு காலையில் உயர்தர இரசாயனவியல் வகுப்பு எடுக்கிறேன். பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வரும் பிள்ளைகள் அதிகம். சேதன இரசாயனத்தில் அவர்கள் வருஷா வருஷம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: கீற்றோனிலிருந்து அற்கேனுக்குப் போவது. வகுப்பில் கேட்டவை, வகுப்பு முடிந்து பஸ் தரிப்பிடம் வரை கூடவே நடந்து வந்து கேட்டவை என்று எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வகுப்புக்கு வர வசதியில்லாத பிள்ளைக்கும் இது போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இந்த மாற்றத்தில் உண்மையில் என்னதான் நடக்கிறது?

கீற்றோனில் ஒரு காபன் அணு ஒட்சிசனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் காபன்கள். அந்த ஒட்சிசனை எடுத்துவிட்டு அதே இடத்தில் இரண்டு ஐதரசன்களை வைத்தால் அற்கேன். புரொப்பனோன் புரொப்பேனாகும், பியூற்றனோன் பியூற்றேனாகும், சைக்கிளோஎட்சனோன் சைக்கிளோஎட்சேனாகும். காபன் சங்கிலி கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது.

ஒட்சியேற்ற எண்ணைப் (ஓர் அணு எத்தனை இலத்திரன்களை இழந்ததாகக் கணக்கிடுகிறோம் என்பதைப்) போட்டுப் பாருங்கள். புரொப்பனோனின் நடுக் காபனுக்கு +2. புரொப்பேனில் அதே காபனுக்கு −2. நான்கு இலத்திரன்கள் உள்ளே வர வேண்டும். கீற்றோன் அற்ககோலாக மாறும்போது +2 இலிருந்து 0 வரை, அதாவது இரண்டு இலத்திரன்கள்தான் வருகின்றன. அற்ககோல் என்பது பாதி வழி. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் சுலபமாகப் பிடிபடும்.

சோடியம் போரோஐதரைட்டு தாழ்த்தும் பொருள்தானே சேர், அதைப் போட்டால் அற்கேன் வராதா?

வராது. அதிகம் பேர் புள்ளியை விடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

காபனைல் காபன், அதாவது ஒட்சிசனோடு இரட்டைப் பிணைப்பிலுள்ள காபன், இலத்திரன் குறைந்த இடம். போரோஐதரைட்டு கொடுக்கும் ஐதரைட்டு ஒரு கருநாடி, அதாவது இலத்திரன் சோடியோடு இலத்திரன் குறைந்த இடத்தைத் தேடிப் போவது. அது அந்தக் காபனில் வந்து சேரும்போது, இரட்டைப் பிணைப்பிலிருந்த ஒரு சோடி இலத்திரன் ஒட்சிசன் பக்கம் தள்ளப்படுகிறது. ஒட்சிசனில் மறை ஏற்றம் வருகிறது. நீர் அல்லது ஐதான அமிலம் சேர்த்தால் அது ஒரு புரோத்தனை வாங்கிக்கொண்டு அற்ககோலாகிறது. அதோடு வேலை முடிந்தது.

ஏன் அதற்கு மேல் போகவில்லை? மேலே போக வேண்டுமென்றால் காபனுக்கும் ஒட்சிசனுக்கும் இடையிலுள்ள ஒற்றைப் பிணைப்பை உடைத்து ஒட்சிசனை வெளியேற்ற வேண்டும். மறை ஏற்றம் கொண்ட ஒட்சிசனோ, ஐதரொட்சைட்டோ இலகுவில் விட்டுப் போகிற கூட்டம் அல்ல. முதல் தடவை ஐதரைட்டுக்கு உள்ளே நுழைய வழி கொடுத்தது இரட்டைப் பிணைப்பு. இப்போது அந்த வழி மூடிவிட்டது.

"அப்படியென்றால் அதைவிடப் பலமான இலிதியம் அலுமினியம் ஐதரைட்டு?" என்று உடனே அடுத்த கேள்வி வரும். சாதாரண கீற்றோனில் அதுவும் அற்ககோலில்தான் நிற்கும். பலம் கூடினால் வேகம் கூடுகிறது, எசுத்தர், காபொட்சிலிக் அமிலம் போன்ற பிடிவாதமான கூட்டங்களையும் தாழ்த்த முடிகிறது. ஆனால் ஒட்சிசனைக் கழற்றுவது வேறு வேலை. நான் படித்த காலத்தில் "இதுதான் பலமானது" என்பதை மட்டும் நினைவில் வைத்து, அதைப் போட்டு நேரே அற்கேன் எழுதி, ஒரு முழு மாற்றல் வினாவையும் (ஒரு சேர்வையைப் படிப்படியாக இன்னொன்றாக்கும் வினா) பிழையாக்கியிருக்கிறேன். உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

அப்போ நேரடி வழி எது?

உயர்தரப் பாடத்திட்டத்தில் இருப்பது கிளெமென்சன் தாழ்த்தல். இரசத்தோடு கலந்த நாகம், அதாவது நாக அமல்கம், அதோடு செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம், வெப்பம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது கிளெமென்சன். அம்புக்குறிக்கு மேலே "நாகம், அமிலம்" என்று மட்டும் எழுதி இரசத்தை விட்டுவிடாதீர்கள். "செறிந்த" என்ற சொல்லையும் விடாதீர்கள்.

எரிக் கிளெமென்சன் டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவுக்குப் போய், அங்கே மருந்துக் கம்பனி ஒன்றில் வேலை செய்த இரசாயனவியலாளர். தன் முறையை 1913 இல் வெளியிட்டார்.

இரசம் எதற்கு என்று கேட்கும் பிள்ளையை எனக்கு மிகவும் பிடிக்கும். வெறும் நாகத்தைச் செறிந்த அமிலத்தில் போட்டால் என்ன நடக்கும் என்று சாதாரண தரத்திலேயே படித்தோம்: ஐதரசன் வாயு குமிழ் குமிழாக வெளியேறும். நாகம் கொடுக்கும் இலத்திரன்களை அமிலத்தின் புரோத்தன்களே வாங்கிக்கொண்டு போய்விடும், கீற்றோனுக்கு மிஞ்சாது. இரசத்தின் மேற்பரப்பில் ஐதரசன் வாயு உண்டாவது மிகவும் கடினம். ஆகவே நாகத்தின் மேல் இரசம் படிந்திருந்தால் அந்த வீண்செலவு குறைகிறது, இலத்திரன்கள் கீற்றோனுக்குக் கிடைக்கின்றன. முழுதாக நின்றுவிடாது. அதனால்தான் சமன்பாடு கேட்பதைவிட அதிக நாகம் போடுகிறார்கள்.

கிளெமென்சனில் முதலில் அற்ககோல் உண்டாகி, அப்புறம் அது அற்கேனாகிறதா?

இல்லை. சாதாரண அற்ககோலை அதே நாக அமல்கத்தோடும் அமிலத்தோடும் கொதிக்க வைத்தால் அது அற்கேனாக மாறுவதில்லை. அற்ககோல் இடைநிலையாக இருந்தால் தாக்கம் அதிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். தாக்கம் உலோகத்தின் மேற்பரப்பில் நடக்கிறது. நாகத்தோடு காபன் பிணைந்த இடைநிலைகள் ஊடாகப் போகிறது என்பது பொதுவான விளக்கம். இதன் விரிவான பொறிமுறை உங்களிடம் கேட்கப்படாது. ஆனால் "அற்ககோல் ஊடாக" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

சமன்பாட்டை எப்படிச் சமப்படுத்துவது? கணக்கு வருமா?

நான்கு இலத்திரன் கணக்கு இங்கேதான் கைகொடுக்கிறது. ஒரு நாக அணு இரண்டு இலத்திரன் கொடுக்கும். எனவே ஒரு மூல் கீற்றோனுக்கு இரண்டு மூல் நாகம், நான்கு மூல் ஐதரோகுளோரிக் அமிலம். விளைவு: ஒரு மூல் அற்கேன், இரண்டு மூல் நாகக் குளோரைட்டு, ஒரு மூல் நீர்.

அசற்றோபீனோனை எடுத்துப் பார்ப்போம். மூலர்த் திணிவு 120. 12 கிராம் எடுத்தால் 0.1 மூல். அதற்குக் குறைந்தது 0.2 மூல் நாகம் வேண்டும், அதாவது ஏறத்தாழ 13 கிராம். முழுவதும் மாறினால் 0.1 மூல் எதைல்பென்சீன், மூலர்த் திணிவு 106, ஆக 10.6 கிராம். கிடைத்தது 8 கிராம் என்று வினா சொன்னால் விளைவு நூற்றுக்கு 75 அளவில் இருக்கும்.

அசற்றோபீனோனைப் பற்றி நம் ஊர்க்காரர் அறிய வேண்டிய ஒரு விஷயமும் உண்டு. அதன் உருகுநிலை ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ். புத்தகத்தில் அதைத் திரவம் என்றும் எழுதியிருக்கும், திண்மம் என்றும் எழுதியிருக்கும். கொழும்பில் அது திரவம். ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவில் இருக்கிற நுவரெலியாவில் போத்தல் உறைந்துபோய் இருந்தால் பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்தால் உருகிவிடும்.

மலையில் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கிறதே, இந்தத் தாக்கத்துக்கு அது இடைஞ்சலா?

நல்ல கேள்வி, கீழ்நாட்டுப் பிள்ளைக்கு இது தோன்றாது. கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் வளியமுக்கம் குறைவு. நீர் அங்கே ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமெடுப்பது உங்கள் வீட்டிலேயே தெரியும். திறந்த ஒடுக்கி (ஆவியைக் குளிர்விக்கும் கருவி) வைத்துக் கொதிக்கவிடும் எந்தத் தாக்கத்துக்கும் இதே கதைதான். கலவை தன் கொதிநிலைக்கு மேலே சூடாகாது, ஆகவே தாக்கம் சற்று மெதுவாகும், இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கவிட வேண்டும். மற்றபடி விளைவு மாறாது.

இதோடு சேர்ந்த இன்னொன்று. செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் திணிவில் நூற்றுக்கு 37 அளவு. அதைச் சூடாக்கினால் முதலில் ஐதரசன் குளோரைட்டு வாயுதான் கிளம்பிப் போகும். நூற்றுக்கு 20 அளவுக்குச் செறிவு இறங்கிய பிறகு, கடல் மட்டத்தில் ஏறத்தாழ 109 பாகையில், கலவை மாறாமல் கொதிக்கும். அதாவது கொதிக்கக் கொதிக்க "செறிந்த" அமிலம் செறிவு குறைந்துகொண்டே போகிறது. உண்மையான ஆய்வுகூடத்தில் இடையிடையே புதிய அமிலம் சேர்ப்பது இதனால்தான்.

வோல்ப்–கிஷ்னர் தாழ்த்தல் என்று இந்திய வீடியோக்களில் சொல்கிறார்களே, அது என்ன?

அதே இடத்துக்குப் போகும் இன்னொரு பாதை, ஆனால் முற்றிலும் எதிரான ஊடகம். ரஷ்யாவின் கிஷ்னர் 1911 இலும் ஜெர்மனியின் வோல்ப் 1912 இலும் தனித்தனியாகக் கண்டறிந்தார்கள். கிளெமென்சனுக்கு அமிலம் என்றால் இதற்குப் பலமான மூலம், அதாவது புரோத்தனை வாங்கிக்கொள்ளும் பொருள்.

கீற்றோனை முதலில் ஐதரசீனோடு தாக்கமுறச் செய்தால் ஒட்சிசன் நீராக வெளியேறி, காபனோடு நைதரசன் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த ஐதரசோன் கிடைக்கும். கீற்றோனை அறியும் சோதனையில் 2,4-இருநைத்திரோபீனைல்ஐதரசீனோடு செம்மஞ்சள் வீழ்படிவு வருகிறதே, அதே வகைத் தாக்கம்தான். பார்த்தீர்களா, உடைக்கக் கடினமான ஒட்சிசன் முதல் படியிலேயே போய்விட்டது. இனி வெளியேற வேண்டியது நைதரசன். பொற்றாசியம் ஐதரொட்சைட்டோடு நன்றாகச் சூடாக்கினால், மூலம் நைதரசனிலுள்ள புரோத்தனை எடுக்கிறது, காபன் ஒரு புரோத்தனை வாங்குகிறது, மறுபடி மூலம் ஒரு புரோத்தனை எடுக்கிறது, இரண்டு நைதரசன்களும் சேர்ந்து நைதரசன் வாயுவாகப் பறந்துவிடுகின்றன. மீதியாக மறை ஏற்றத்தோடு நிற்கும் காபன் இன்னொரு புரோத்தனை வாங்கி அற்கேனாகிறது.

இந்தப் பொறிமுறையை நான் பாடத்திட்டத்துக்காகச் சொல்லிக்கொடுப்பதில்லை, அழகுக்காகச் சொல்லிக்கொடுக்கிறேன். நைதரசன் மூலக்கூறு அவ்வளவு உறுதியானது. வாயுவாகப் போனது திரும்பி வராது. தாக்கத்தை முன்னோக்கி இழுப்பது அதுதான்.

பழைய முறையில் மூடிய குழாயில் வைத்து நெடுநேரம் சூடாக்க வேண்டியிருந்தது. 1946 இல் சீன இரசாயனவியலாளர் ஹுவாங் மின்லோன் இதை இலகுவாக்கினார். டைஎதிலீன் கிளைக்கோல் என்ற கரைப்பானில் ஐதரசோனைச் செய்துகொண்டு, நீரையும் மிஞ்சிய ஐதரசீனையும் வடித்தெடுத்துவிட்டு, வெப்பநிலையை ஏறத்தாழ 200 பாகைக்கு ஏற்றினார். நீர் உள்ளே இருக்கும்வரை கலவை அவ்வளவு சூடாகாது, அதை வெளியேற்றியதில்தான் சூட்சுமம். அந்தக் கரைப்பானின் கொதிநிலை கடல் மட்டத்தில் 245 பாகை. மலையில் சில பாகை குறைந்தாலும் 200 ஐத் தாராளமாக எட்டும்.

இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?

காபனைலை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மூலக்கூறின் மற்றப் பகுதியைப் பாருங்கள். மலைப் பாதையில் பஸ் ஓட்டுகிறவர் தன் பஸ்ஸின் நீளத்தைப் பார்த்துத்தானே வளைவு எடுப்பார்.

புரொப்பனோன், பென்டன்-3-ஓன், சைக்கிளோஎட்சனோன் போன்ற எளிய கீற்றோனில் வேறு ஒன்றும் இல்லை. எதை எழுதினாலும் சரி. நம் பாடத்திட்டத்துக்குக் கிளெமென்சன் போதும்.

அதே மூலக்கூறில் ஒரு அற்ககோல் கூட்டம் இருந்தால்? செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் அதைச் சும்மா விடாது, முக்கியமாகப் புடை அற்ககோலை (ஒட்சிசன் ஏறிய காபனில் மூன்று காபன்கள் பிணைந்தது). குளோரைட்டாக்கிவிடும், அல்லது நீரகற்றி அற்கீனாக்கிவிடும் (காபன்–காபன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்வை). காபன்–காபன் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அதில் ஐதரசன் குளோரைட்டு கூட்டப்படலாம். இப்படியான இடத்தில் மூல ஊடகம், அதாவது வோல்ப்–கிஷ்னர் பாதுகாப்பு. மாறாக, சங்கிலியில் ஒரு குளோரினோ புரோமினோ இருந்தால் சூடான பொற்றாசியம் ஐதரொட்சைட்டு அதைப் பிரதியிடும் அல்லது நீக்கிவிடும். அங்கே அமில ஊடகம். எசுத்தர் இருந்தால் இரண்டு பக்கமும் ஆபத்து: அமிலத்திலும் நீர்ப்பகுப்படையும், மூலத்தில் இன்னும் வேகமாக.

அமிலமும் கூடாது, மூலமும் கூடாது என்றால் பல்கலைக்கழகத்தில் மூன்றாவது பாதை ஒன்றைப் படிப்பீர்கள். கீற்றோனை எதேன்-1,2-டைதயோலோடு சேர்த்து, ஒட்சிசன் இருந்த இடத்தில் இரண்டு கந்தகங்களைக் கொண்டுவந்து, அப்புறம் ரேனி நிக்கலைக் கொண்டு அந்தக் கந்தகங்களை உரித்தெடுப்பது. கந்தகச் சேர்வையின் நாற்றம் பொல்லாதது, ஆனால் மூலக்கூறின் மற்றப் பகுதிக்கு மென்மையான வழி.

தேயிலையின் மணத்தில் பங்குள்ள பீற்றா-அயனோனும் ஒரு கீற்றோன்தான். கொழுந்து வாடி அரைபட்டுக் காயும்போது இலையிலுள்ள கரட்டின் வகை நிறப்பொருள்கள் சிதைந்து அது உண்டாகிறது. "அதைக் கிளெமென்சன் செய்தால் என்ன சேர் வரும்?" என்று கேட்டார் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரின் மகள். அதில் காபனைலுக்குப் பக்கத்திலேயே இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. அப்படி அடுத்தடுத்து இருந்தால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தே நடந்துகொள்ளும், இரட்டைப் பிணைப்பும் தாக்கப்படும், விளைவு கலவையாகிவிடும். இந்தப் பக்கத்தில் சொல்வதெல்லாம் எளிய கீற்றோனுக்குத்தான்.

வினாவில் கொடுத்த இரசாயனப் பட்டியலில் இரசமே இல்லை. அப்போது?

பதறாதீர்கள். சுற்றி வரும் பாதைகள் இரண்டு இருக்கின்றன, அவை இரண்டும் நீங்கள் ஏற்கெனவே படித்தவை.

முதலாவது: சோடியம் போரோஐதரைட்டால் கீற்றோனை வழி அற்ககோலாக்குங்கள் (ஒட்சிசன் ஏறிய காபனில் இரண்டு காபன்கள் பிணைந்தது). செறிந்த சல்பூரிக் அமிலத்தோடு சூடாக்கி நீரகற்றுங்கள், அற்கீன் வரும். நிக்கல் ஊக்கியோடு ஐதரசன் சேர்த்தால் அற்கேன். புரொப்பனோன், புரொப்பன்-2-ஓல், புரொப்பீன், புரொப்பேன். மூன்று படி. பியூற்றனோனில் தொடங்கினால் நடுவில் பியூற்-2-ஈனும் கொஞ்சம் பியூற்-1-ஈனும் கலந்து வரும். கவலையில்லை, ஐதரசன் சேர்த்த பிறகு இரண்டும் ஒரே பியூற்றேன்தான்.

இரண்டாவது: அற்ககோல் வரை அதே வழி. அப்புறம் பொசுபரசு முப்புரோமைட்டால் அதைப் புரோமைட்டாக்குங்கள். உலர் ஈதரில் மகனீசியத்தோடு சேர்த்துக் கிரிக்னாட் சோதனைப்பொருளாக்கி, அதில் நீரை விடுங்கள். அற்கேன். மற்ற இடங்களில் எல்லாம் கிரிக்னாட்டுக்குப் பக்கத்தில் ஒரு துளி ஈரம் வரக்கூடாது என்று கத்துகிறோம். அது கெட்டுப்போகும் அந்தத் தாக்கத்தையே இங்கே வேண்டுமென்று பயன்படுத்துகிறோம். இரண்டில் எது என்றால் எனக்கு முதலாவதுதான் விருப்பம், படி குறைவு. படிகளுக்கு வரம்பு போட்ட வினாவில் ஒரு படிகூடப் பெரிது.

கிளெமென்சன் எந்த மாற்றலில் உண்மையிலேயே தேவைப்படுகிறது?

பென்சீனோடு நேர்ச்சங்கிலி சேர்க்க வேண்டிய இடத்தில். டியூட்டில் இதைச் சிவப்புப் பேனையால் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

புரொப்பைல்பென்சீன் வேண்டும் என்று வைப்போம். பென்சீனோடு 1-குளோரோபுரொப்பேனையும் அலுமினியம் குளோரைட்டையும் போட்டால் வந்துவிடும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் உண்டாகும் முதல் காபோகற்றயன் (சங்கிலியின் நுனிக் காபனில் நேர் ஏற்றம் கொண்டது) உறுதியற்றது. ஒரு ஐதரசன் இடம் மாறி அது நடுக் காபனில் நேர் ஏற்றம் கொண்ட வழிக் காபோகற்றயனாகிவிடும். பிரதான விளைவாக ஐசோபுரொப்பைல்பென்சீன் வந்து நிற்கும். இன்னொரு தொல்லை: ஓர் அற்கைல் கூட்டம் சேர்ந்ததும் வளையம் இன்னும் உயிர்ப்பாகி இரண்டாவது, மூன்றாவது கூட்டத்தையும் ஏற்கும்.

இப்போது புரொப்பனோயில் குளோரைட்டை எடுத்துப் பிரீடல்–கிராப்ட்ஸ் ஏசைலேற்றம் செய்யுங்கள், அதாவது அலுமினியம் குளோரைட்டோடு பென்சீன் வளையத்தில் காபனைல் கொண்ட சங்கிலியைச் சேருங்கள். ஏசைல் கற்றயனில் ஒட்சிசன் தன் இலத்திரன் சோடியால் நேர் ஏற்றத்தைத் தாங்கிக்கொள்கிறது, இடம் மாற்றம் இல்லை. வளையத்தில் காபனைல் வந்ததும் அது இலத்திரனை இழுத்து வளையத்தைச் சோர்வடையச் செய்கிறது, இரண்டாவது ஏசைல் ஏறாது. கிடைத்த கீற்றோனைக் கிளெமென்சனால் தாழ்த்தினால் சுத்தமாகப் புரொப்பைல்பென்சீன். தடங்கல் இரண்டும் ஒரே அடியில் தீர்ந்தது. வளையத்துக்குப் பக்கத்துக் கீற்றோனுக்குக் கிளெமென்சன் நன்றாகவே வேலை செய்யும், பென்சீன் வளையம் தாழ்த்தப்படாமல் அப்படியே இருக்கும்.

காஸ் இல்லாத நேரத்தில் அசற்றோனிலிருந்து காஸ் செய்ய முடியாதா?

2022 இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்து, லயத்தில் எல்லோரும் மறுபடி விறகுக்குப் போன நாட்களில் ஒரு தம்பி கேட்டது. நகப்பூச்சு அகற்ற விற்பது அசற்றோன், அது புரொப்பனோன், அதைத் தாழ்த்தினால் புரொப்பேன், சமையல் காஸ் என்பது புரொப்பேனும் பியூற்றேனும் கலந்ததுதானே! யோசனையில் பிழையே இல்லை. கணக்கைப் போடுவோம்.

வீட்டுச் சிலிண்டர் 12.5 கிலோகிராம். அவ்வளவும் புரொப்பேன் என்று வைத்தால் ஏறத்தாழ 283 மூல். அதற்கு 16.5 கிலோ அளவு அசற்றோன், குறைந்தது 37 கிலோ நாகம், 12 மூலர் செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலம் 95 லீற்றர் அளவில் வேண்டும். அதுவும் ஒரு துளி நாகமும் ஐதரசனாக வீணாகவில்லை என்று எடுத்துக்கொண்டால். நாகத்தைத் தாதுவிலிருந்து எடுக்கச் செலவான சக்தி, கிடைக்கும் புரொப்பேனின் சக்தியைத் தின்றுவிடும். இந்த முறை பெறுமதியான மூலக்கூறுகளுக்கு, எரிபொருளுக்கு அல்ல.

இந்தியப் புத்தகத்தில் சொற்களெல்லாம் வேறாக இருக்கின்றனவே?

அங்கே கீட்டோன், இங்கே கீற்றோன். அங்கே ஆல்கேன், இங்கே அற்கேன். அவர்களின் ஒடுக்கம் நமக்குத் தாழ்த்தல், கார்பன் நமக்குக் காபன், துத்தநாகம் நமக்கு நாகம், பாதரசம் நமக்கு இரசம், வினைவேக மாற்றி நமக்கு ஊக்கி. பொருள் ஒன்றே. இரண்டையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது, ஆனால் பரீட்சையில் நம் பாடநூல் சொற்களை எழுதுங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: நமக்கு "ஒடுக்கி" என்பது ஆவியைக் குளிர்விக்கும் கண்ணாடிக் கருவி. "ஒடுக்கி" என்று இந்தியப் புத்தகத்தில் கண்டால் அது தாழ்த்தும் பொருளாக இருக்கலாம்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். இரசச் சேர்வைகள் நச்சு, கழுவி விட்டால் ஓடையில் போய்ச் சேரும், நம் ஓடை கீழே இன்னொரு தோட்டத்தின் குடிநீர். ஐதரசீனும் கடும் நச்சு. செறிந்த அமிலத்தின் புகை மூச்சைக் கெடுக்கும்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு, ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு சோதனைக்குழாயில் ஒரு கீற்றோனையும், இன்னொன்றில் எட்சேன் போன்ற ஒரு திரவ அற்கேனையும் எடுத்து, இரண்டிலும் 2,4-இருநைத்திரோபீனைல்ஐதரசீன் கரைசலை விடுங்கள். கீற்றோனில் செம்மஞ்சள் வீழ்படிவு வரும், அற்கேனில் வராது. உண்மையான ஆய்வுகூடத்திலும் தாக்கம் முடிந்துவிட்டதா என்று பார்க்க இப்படியொரு சோதனை உதவும்: வீழ்படிவு வந்தால் இன்னும் கீற்றோன் மிச்சம் இருக்கிறது.

இயற்கையில் எங்காவது கீற்றோன் அற்கேனாக மாறுகிறதா?

இந்தக் கேள்விக்கு நமக்குப் பக்கத்திலேயே, மரக்கறித் தோட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது, ஆனால் தலைகீழாக. காலையில் கோவா இலையில் பனித்துளி ஒட்டாமல் முத்தாக உருள்வதைப் பார்த்திருப்பீர்கள். இலையின் மேல் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும் மெழுகுதான் அதற்குக் காரணம். அந்த மெழுகில் 29 காபன்கள் கொண்ட அற்கேனும், அதே சங்கிலியின் நட்ட நடுவில், 15 ஆம் காபனில், காபனைல் கொண்ட கீற்றோனும் இருக்கின்றன. செடி முதலில் 30 காபன் சங்கிலியிலிருந்து ஒரு காபனை இழந்து அற்கேனைச் செய்கிறது. அப்புறம் ஒரு நொதியம் அதன் நடுக் காபனை ஒட்சியேற்றி அற்ககோலாக்குகிறது, மேலும் ஒட்சியேற்றிக் கீற்றோனாக்குகிறது. −2, 0, +2. நாம் இறங்குகிற படியில் கோவா ஏறுகிறது.

லீக்ஸில் இன்னும் ஒரு படி நீளம்: அதன் மெழுகில் அதிகம் இருப்பது 31 காபன் கீற்றோன், காபனைல் 16 ஆம் காபனில். சென்ற தவணை வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதி, "இதை அற்கேனாக்க எந்த முறை?" என்று கேட்டேன். எல்லோரும் கிளெமென்சன் என்றார்கள். கந்தப்பளையில் லீக்ஸ் பயிரிடும் வீட்டுத் தங்கச்சி மட்டும் கை உயர்த்தி, "சேர், இந்த மெழுகில் தண்ணியே ஒட்டாது, அமிலக் கரைசலில் எப்படிக் கரையும்?" என்று கேட்டார். அவர் கேட்டதுதான் சரி. கீற்றோன் உலோகத்தின் மேற்பரப்பை அடைய முடியாவிட்டால் தாக்கம் இல்லை. தொலுயீன் போன்ற ஒரு கரைப்பானைச் சேர்த்துக் கிளெமென்சனை முயலலாம், ஆனால் இவ்வளவு நீளச் சங்கிலிக்கு, வேறு உணர்திறனுள்ள கூட்டம் எதுவும் இல்லாதபோது, நான் சூடான கிளைக்கோலில் ஹுவாங் மின்லோன் முறையைத்தான் எடுப்பேன். 200 பாகையில் அந்த மெழுகு உருகிக் கலவையோடு கலக்க வழி உண்டு.